மாத்திரை ஆயிற்றா?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த உபதேசம் எப்படி உண்டாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், ஜனங்கள் அவர்கள் இருவரிடமுந்தான் அதிகமாகப் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. திருட்டே இல்லாத ஊரில் ‘திருடாதே’ என்று யார் சுவரில் எழுதப் போகிறார்கள்? வக்கீலை விட்டுவிடலாம், அவருக்கு இது தொழிலில் பழகிப்போன சமாசாரம். வைத்தியர் பாடுதான் பரிதாபம். “மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று அவர் கேட்கிறார். “சாப்பிடுகிறேன், டாக்டர்” என்று நாம் சொல்லுகிறோம். அவர் நம் முகத்தைப் பார்க்கிறார். நாம் அவர் மேஜைமேல் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறோம்.

இது நேற்று ஏற்பட்ட சங்கதி அல்ல. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலேயே, கொடுத்த மருந்தைச் சாப்பிட்டதாக நோயாளிகள் பொய் சொல்லுவார்கள், ஜாக்கிரதையாக இரு என்று வைத்தியனுக்கு எச்சரிக்கை இருக்கிறது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பாரம்பரியம் நம்முடையது. உலக சுகாதார நிறுவனம் 2003-ல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கையே வெளியிட்டது. நீண்ட நாள் வியாதிகளுக்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பணக்கார நாடுகளிலேயே சராசரியாக 100-க்கு 50 பேர்தாமாம். ஏழை நாடுகளில் அதைவிடக் குறைவு. படித்தவர்கள் சாப்பிடுகிறார்கள், படிக்காதவர்கள் சாப்பிடுவதில்லை என்று இதற்கு யாராவது அர்த்தம் செய்தால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் மாத்திரை விற்கிறார். தம்முடையதை வாரத்துக்கு மூன்று நாள் மறந்துவிடுகிறார்.

எல்லா வியாதியிலும் இது உண்டுதான். ஆனால் சர்க்கரை வியாதியில் இதற்குத் தனி வசதி இருக்கிறது: வலிக்காது. பல்வலிக்காரனை மாத்திரை சாப்பிடும்படி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை; நடுராத்திரியில் அவனே போய்க் கடைக் கதவைத் தட்டுவான். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வேர்த்து விடுகிறது. ‘அடடா, என்ன மருந்து!’ என்கிறான். சர்க்கரைக்காரனுக்கு என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே, பத்து வருஷம் கழித்தும் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். நானும் 2016 முதல் இந்தச் சங்கத்தின் அங்கத்தினன். (2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுப்படி நம் தேசத்தில் இதற்குப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் அங்கத்தினர்கள். வேறெந்தச் சங்கத்துக்கு இத்தனை சேர்க்கை?) தினமும் ராத்திரி சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுகிறேன். மறுநாள் காலையில் எழுந்தால், அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கிறேன். பலன் தெரியாத ஒரு காரியத்தை நாள் தவறாமல் செய்துகொண்டே இருப்பதற்குக் கடவுள் நம்பிக்கையைப் போன்ற ஒன்று வேண்டியிருக்கிறது.

1922 ஜனவரியில் கனடாவிலுள்ள டொராண்டோ நகரத்தில், லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். எலும்பும் தோலுமாய்ச் சாகக் கிடந்த பையன். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியது, பையன் பிழைத்துக்கொண்டான். அந்த வார்டில் இருந்த எந்தத் தாயாவது ‘இன்றைக்கு ஊசி வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பாளா? மருந்து கண்ணுக்கு நேரே உயிரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை விடச் சொன்னாலும் யாரும் விட மாட்டார்கள். நடுவயதில் வந்து ஒட்டிக்கொள்ளும் நம்முடைய சர்க்கரை அப்படி மிரட்டுவதில்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப்போல் சத்தமில்லாமல் உள்ளே இருந்துகொண்டு, கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஒவ்வொரு அறையாக ஆக்கிரமித்துக்கொள்ளுகிறது.

ஆகவே மாத்திரையை விடுவதற்கு ஆயிரம் காரணங்கள் கிடைக்கின்றன. சர்க்கரை அளவு ‘நார்மல்’ என்று வந்துவிட்டதால் நிறுத்தியவர்கள் உண்டு. குடை பிடித்ததால் நனையவில்லை, ஆகவே குடை வேண்டாம் என்பதுபோல. ‘பழக்கமாகிவிடும், அப்புறம் விட முடியாது’ என்று பயந்து, முக்கியமாக இன்சுலினைத் தொடாதவர்கள் உண்டு. சிறுகுறிஞ்சான் இலையை மென்று, வாயில் போட்ட சர்க்கரை மணல்போல் ருசியற்றுப் போனதைக் கண்டு அதிசயித்து, நாக்கில் செத்த சர்க்கரை ரத்தத்திலும் செத்துவிட்டதாக முடிவு கட்டியவர்கள் உண்டு. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் மாத்திரையும் பட்டினியுமாக இருந்து, ரத்தம் கொடுத்துவிட்டு நேரே ஓட்டலுக்குப் போய் அல்வாவும் காபியும் சாப்பிடுகிறவர்கள் தனி ஜாதி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

இந்தக் கடைசி ஜாதியைக் கண்டுபிடிக்க வைத்திய சாஸ்திரம் ஓர் ஒற்றனை வைத்திருக்கிறது. ரத்தத்திலுள்ள சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் தன்னைச் சுற்றியிருந்த சர்க்கரையில் கொஞ்சத்தை அது மேலே பூசிக்கொள்ளுகிறது. அந்தப் பூச்சை அளந்து பார்த்தால் இரண்டு மூன்று மாதத்து வண்டவாளம் வெளியே வந்துவிடும். ஹெச்.பி.ஏ.1சி என்று சீட்டில் எழுதுகிறார்களே, அதுதான். மூன்று நாள் பட்டினி இதனிடம் பலிக்காது. ஆனால் இந்த ஒற்றனுக்கும் ஒரு குறை உண்டு. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் ஏறியிருக்கிறது என்று சொல்லத் தெரியாது. மாத்திரை போதவில்லையா, அல்லது மாத்திரை வாய்க்குள் போகவே இல்லையா? அதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அத்தான் விஷயத்தைச் சொல்லுகிறேன். அவர் அநுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன். “எழுது, தம்பி. ஆனா பஸ் விஷயத்தை நல்லா விவரமா எழுது” என்றார்.

அத்தான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. காலணா பிசகினால் ராத்திரி பதினோரு மணியானாலும் பேரேட்டை மூட மாட்டார். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது 2007-ல். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் பலகாரத்துக்கு முன்னால் கிளிமிபிரைடு, ராத்திரி சாப்பாட்டோடு மெட்பார்மின். காலை மாத்திரை, கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. அதைப் போட்டுக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இதை யாரும் அவருக்கு விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மருந்துக் கடையில் உறைமேல் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அக்கா தினம் காலையில் தம்ளர் ஜலமும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுப்பாள். அத்தான் வாங்கி, தலையை அண்ணாந்து, மடக்கென்று ஜலத்தைக் குடிப்பார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போவார். சர்க்கரை 250, 280 என்று இருக்கும். “மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” “சாப்பிடுகிறேன்.” “ஸ்வீட்?” “தொடுவதில்லை.” இரண்டாவது பதில் சத்தியம். டாக்டர் நாக்கைச் சப்புக் கொட்டி, ஒரு மில்லிகிராமை இரண்டு மில்லிகிராம் ஆக்குவார். அடுத்த வருஷம் இரண்டு நாலு ஆயிற்று. நல்ல டாக்டர்தாம், நோயாளியின் வார்த்தையை நம்பியதைத் தவிர அவர் வேறொரு பிழையும் செய்யவில்லை. வாசலில் இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது நம்பாமல் வேறென்ன செய்வது?

2014 பிப்ரவரியில் அத்தானின் செருப்பில் ஓர் ஆணி மேலே கிளம்பியிருந்தது. அது காலைக் குத்திக்கொண்டே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. வெள்ளை வேட்டிக் கரையில் ரத்தத்தைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தாள். பத்து நாளில் புண் கறுத்துவிட்டது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்றார்கள்.

சேர்த்த மறுநாள் காலையில் அவருடைய மருந்துச் சீட்டைப் பார்த்து, அதில் எழுதியபடி எல்லா மாத்திரைகளையும் நர்ஸ் கொடுத்தாள். கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை; விழுங்குகிறவரைக்கும் பக்கத்தில் நின்றாள். அத்தானுக்கு இட்லி இறங்கவில்லை. ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “பில்லு நம்பர் தப்பு, பில்லு நம்பர் தப்பு” என்றார். ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தேன். விரலில் குத்திப் பார்த்தாள்: சர்க்கரை 44. ரத்தக் குழாய் வழியாகக் குளுகோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, “தம்பி எப்போ வந்தே?” என்றார்.

மாதக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அதே மாத்திரை ஏன் ஒருவரை இன்றைக்கு மட்டும் இப்படிக் கவிழ்க்க வேண்டும்? அரைப் பட்டினியால் இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நர்ஸுக்கு மட்டும் மனசு சமாதானம் ஆகவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயசுகூட இராது. சாயங்காலம் டியூட்டி முடியும் சமயத்தில் வந்து, கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, ஜுரம் பார்க்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்:

“ஐயா, மாத்திரைன்னா எல்லாருக்கும் விட்டுத்தான் போவுது. உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் விட்டுப் போகும்?”

அத்தான் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார்.

“ஆறு நாள்” என்றார்.

அக்கா தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். நர்ஸ் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. “எந்த மாத்திரை?” என்றாள். “காலை மாத்திரை. ராத்திரியோடது தவறாது.” “ஏன் ஐயா, அது ஒத்துக்கலையா?” என்றாள். அப்புறந்தான் பஸ் கதை வந்தது.

2009 ஜூனில் ஒரு நாள் கடை வேலையாகத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டிருக்கிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார், முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காபியோடு கிளம்பிவிட்டார், தஞ்சாவூரில் பலகாரம் பண்ணிக்கொள்ளலாம் என்று. அய்யம்பேட்டை தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று. வேர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. இறங்கி நிற்கலாம் என்று எழுந்தார். கால் தள்ளாடி, முன் ஸீட்டில் இருந்த ஒரு பெண் பிள்ளையின் தோளில் கை பட்டுவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தால் நாக்குக் குழறியது. “என்ன பெரியவரே, காலங்கார்த்தாலேயே ஏத்திக்கிட்டு வந்தாச்சா? நெத்தியில பட்டை வேற!” என்று கண்டக்டர் கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது.

பின் ஸீட்டுக் கிழவி ஒருத்தி, கூடையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் திணித்திருக்கிறாள். “என் வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்” என்றாளாம். கால் மணி நேரத்தில் அத்தானுக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் கள்ளுக் கடை இருக்கும் தெருப் பக்கமாக நடக்காத மனிதர். சிரித்தவர்களில் கடை வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தார் என்பதை அவர் கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

அன்றிலிருந்து, வெளியே கிளம்பும் நாட்களில் காலை மாத்திரை உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு. அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்ளுவார். இதை ஞாபக மறதி என்று சொல்ல முடியுமா? அலட்சியம் என்று சொல்ல முடியுமா? பேரேட்டில் வரவையும் செலவையும் தீர யோசித்து, தாமே தமக்கு ஒரு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டுவிட்டார். அந்தக் கணக்கில் பிசகு இல்லை. ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தது. மாத்திரையை மாற்றித் தரச் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியாது. மெட்பார்மினைப்போலத் தனியாகக் கொடுக்கும்போது சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடாத மருந்துகள் வேறு சில இருந்தன. சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாயைப் போட்டுக்கொண்டு போயிருந்தால்கூடப் போதும். ஐந்து நிமிஷப் பேச்சு. ஆனால் அதற்கு முதலில் ‘பஸ்ஸில் என்னைக் குடிகாரன் என்றார்கள்’ என்று வாயால் சொல்ல வேண்டுமே! சாப்பிடுகிறீர்களா, இல்லையா என்று கேட்ட ஐந்து வருஷக் கேள்விகளில் அதற்கு இடம் இருக்கவில்லை. எல்லாருக்கும் விட்டுப்போகும் என்று அந்தப் பெண் முதலில் சொன்னாளே, அந்த வார்த்தை திறந்துவிட்ட இடத்தில்தான் அது நுழைந்து வந்தது.

இப்படிக் கேட்கும்படி இப்போது மருத்துவப் படிப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முன்னெல்லாம் ஆங்கில வைத்தியர்கள் இந்த விஷயத்துக்கு வைத்திருந்த பெயருக்குத் தமிழில் ‘கீழ்ப்படிதல்’ என்று அர்த்தம். அது சிப்பாய்க்குச் சொல்லுகிற வார்த்தையாக இருக்கிறதென்று, ‘கடைப்பிடித்தல்’ என்று பொருள்படும் ஒரு வார்த்தைக்கு மாறினார்கள். 1997-ல் இங்கிலாந்து மருந்தாளுநர் சங்கத்தார் அதுவும் போதாது, இரண்டு பேரும் கலந்து பேசி ‘ஒத்துக்கொள்ளுதல்’ என்றிருக்க வேண்டும் என்றார்கள். பெயர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பது பேர் வாசலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கலந்து பேசுவது எப்படி என்பதை இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு எழுதியனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

இரண்டு விரல்கள் போயின. அத்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் காலை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம், வீடு வந்து சேர்ந்தோம். வந்த அன்று சாயங்காலம், “பரண்மேல அப்பாவோட வெற்றிலைச் செல்லம் இருக்கு. அதை எடுத்துடு” என்று என்னிடம் சொன்னார். எடுத்தேன். பித்தளைச் செல்லம், பச்சை பூத்திருந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள், ஒவ்வொன்றின்மேலும் மாதமும் எண்ணிக்கையும். ‘2010 மார்ச் — 27.’ ‘2010 மே — 26.’ முதலில் எனக்கு விளங்கவில்லை. காலண்டரைப் புரட்டினால் அந்த மார்ச்சில் நாலு ஞாயிறு, மேயில் ஐந்து. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வராது. அதைவிடவும், கணக்கில் வராத சரக்கு என்ற ஒன்றை அவரால் சகிக்க முடியாது. 55 பொட்டலங்கள் முழு மாதத்துக்கு. 56-ஆவது பிப்ரவரி, எண்ணிக்கை எழுதாமல். மொத்தம் 1,400-க்கு மேல். பழைய மாத்திரைகள் உறையை விட்டு வந்து மஞ்சள் பாரித்து, ஓரம் உதிர்ந்திருந்தன.

அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நான் அழப் போகிறாள் என்று நினைத்தேன். சண்டை போடப் போகிறாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. “2011-க்கு அப்புறம் பெரிய மாத்திரை” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் எழுந்து சமையலறைக்குள் போய், கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவளுடைய மருந்துச் சீட்டு. அவளுக்கும் 2011-லேயே சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். தினம் இரண்டு மாத்திரை. அவள் மாதத்துக்கு முப்பதுதான் வாங்கினாள். ஒரு வேளை உண்டு, ஒரு வேளை இல்லை.

“அவருக்கு டோஸ் ஏறிக்கிட்டே போச்சு, தம்பி. ரெண்டு பேருக்கும் முழுசா வாங்கக் கட்டுப்படி ஆகலை. ஆம்பிளை, வெளியில போய் வர்றவர். அவருக்கு முதல்ல இருக்கட்டும்னு நினைச்சேன்.”

அதாவது அத்தான் சாப்பிடாத மாத்திரையால் டோஸ் ஏறியது. ஏறிய டோஸை வாங்குவதற்காக அக்கா தன் மாத்திரையைப் பாதியாக்கினாள். வாங்கிய மாத்திரை பரணுக்குப் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யார் சமைப்பது? தவிர, சும்மா கொடுக்கிற மாத்திரை என்ன வேலை செய்யும் என்று நம் நடுத்தரக் குடும்பங்களில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அது முற்றிலும் தப்பான அபிப்பிராயம். காசு கொடுத்தால்தான் வேலை செய்யும் என்பது புரோகிதர் விஷயத்தில் உண்மையாக இருக்கலாம். மெட்பார்மினுக்கு அந்தப் பேதம் தெரியாது.

அத்தான் இதையெல்லாம் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று அக்கா பயமுறுத்தி, இரண்டு தோசையைத் தின்ன வைத்தாள்.

அந்த ஐந்து வருஷத்துக்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டேன். பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பற்றி அவர் சொன்னார். புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் ஒரு பிரிவினருக்குக் கண்டிப்பாகவும் மற்றவர்களுக்குச் சாதாரணமாகவும் வைத்தியம் செய்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்டிப்பாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்ணிய ரத்தக் குழாய்களில் உண்டாகும் கோளாறுகள் 100-க்கு 25 பங்கு குறைந்திருந்தன. அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ஆராய்ச்சி முடிந்த ஒரு வருஷத்துக்குள் இரு பிரிவினரின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் 2008-ல், பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்தவர்களுக்கு அந்த லாபம் அப்படியே நின்றிருந்தது. உடம்பு பழைய வருஷங்களை நினைவில் வைத்துக்கொள்ளுகிறது என்றார் டாக்டர். நல்ல வருஷங்களையா, கெட்ட வருஷங்களையா என்று கேட்டேன். “இரண்டையும்தான்” என்றார். இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசாங்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். 2022-ல் நான் கும்பகோணம் போயிருந்தபோது அப்படி ஒரு பெண் வந்தாள். கையில் பை, நோட்டுப் புத்தகம். பக்கத்துத் தெருக்காரி; அக்காவை ‘அம்மா’ என்றும் அத்தானை ‘ஐயா’ என்றும் கூப்பிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தாள். அவள் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் பற்றிக் கால் மணி நேரம் பேச்சு நடந்தது. மாத்திரையைப் பற்றி நடுவில் எப்போதோ கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்று நான் கவனிப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்:

“இந்த மாசம் நாலு விட்டுப் போச்சு, கண்ணு. பேத்தி கலியாணத்துக்குப் போன இடத்துல பையை மாத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.”

அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். அத்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

“எந்தத் தேதியில எல்லாம்?” என்றார்.